சந்தனமும் உண்ணிச்செடியும்: தாவரங்களைச் சாட்சிக்கு அழைக்கும் கலையைப் பற்றி

கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாக உலகின் பெரிய கலைக் கண்காட்சிகளில் தாவரங்கள் சாட்சிகளாக வந்து நிற்கின்றன. காலனி ஆட்சி எந்தச் செடியை எங்கிருந்து பெயர்த்து எங்கே நட்டது, எந்த மரத்தைத் தனக்கே உரியதென்று அறிவித்தது, அந்த அறிவிப்பால் யார் தம்முடைய காட்டிலேயே திருடர்கள் ஆனார்கள் என்ற கேள்விகளை ஓவியமாகவும், திரைப்படமாகவும், சிற்பமாகவும், சில வேளைகளில் உயிருள்ள தோட்டமாகவும் கலைஞர்கள் எழுப்பி வருகிறார்கள். தருமபுரி மாவட்டத்தில் பிறந்து, இப்போது கிருஷ்ணகிரியில் வாழும் எனக்கு இந்தப் படைப்புகள் எங்கோ தொலைவில் நடப்பவையாகத் தோன்றவில்லை. அவை எழுப்பும் கேள்விகளுக்கான சான்றுகள் அஞ்செட்டிக் காட்டிலும், பாலக்கோட்டுக் கரும்பு வயலிலும், சித்தேரி மலையடிவாரத்திலும் என் கண்முன்னே கிடக்கின்றன. ஆகவே இந்தக் கலையைப் பற்றி, இந்த மண்ணில் நின்று, நான் நினைப்பதை எழுதிவைக்க விரும்புகிறேன்.

நம்முடைய பகுதிக்குப் பாராமகால் என்பது பழைய பெயர். 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு இது வந்தது. அலெக்சாண்டர் ரீட் நிர்வாகப் பொறுப்பை ஏற்றார். அவருக்குக் கீழே உதவியாளராக வந்த தாமஸ் மன்றோ 1799 வரை இங்கே பணியாற்றினார், தருமபுரியில் தங்கியிருந்தார். பிற்காலத்தில் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியில் பரவிய ரயத்துவாரி முறை இங்கேதான் உருப்பெற்றது. ஒவ்வொரு வயலும் தனித்தனியாக அளக்கப்பட்டு, மண்ணும் நீரும் மதிப்பிடப்பட்டு, விளைச்சலுக்கு ஏற்ற வரி எழுதப்பட்டது. வரி தரும் பயிர் கணக்கில் ஏறியது. வரி தராத புல்லும், புதரும், மூலிகையும், மேய்ச்சலும், பஞ்ச காலத்தில் மக்கள் தோண்டித் தின்ற கிழங்கும் கணக்குக்கு வெளியே நின்றன. ஆவணக் காப்பகத்தில் நம் ஊரைத் தேடுகிறவர் கேழ்வரகையும் நெல்லையும் எத்தனை காணிகளில் விளைந்தன என்று கண்டுபிடித்துவிட முடியும். ஒரு காட்டுக் கீரையைப் பறித்த பெண்ணை அங்கே காண முடியாது. தாவரங்களைச் சாட்சிக்கு அழைக்கும் கலை அந்த இடைவெளியிலிருந்து தொடங்குகிறது என்பதே அதன் மீது எனக்குள்ள மதிப்புக்கு முதற்காரணம்.

செடிகள் ஊர் விட்டு ஊர் வருவது காலனிக் காலத்தில் தொடங்கிய ஒன்றல்ல என்பதற்கும் நம் மண்ணே சான்று தருகிறது. அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த கதையைத் தருமபுரியில் அறியாத பிள்ளை இல்லை. அதே அதியமானின் முன்னோர் கிடைத்தற்கரிய கரும்பை இந்த நிலத்துக்குக் கொண்டுவந்தார்கள் என்று புறநானூற்றின் 99ஆம் பாடலில் ஔவை பாடியிருப்பதைச் சொல்வோர் குறைவு. வெளியிலிருந்து வந்த ஒரு பயிரை, கொண்டுவந்தவரின் பெருமையோடு சேர்த்து, ஒரு சமூகம் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நினைவில் வைத்திருக்கிறது. இன்றும் பாலக்கோட்டில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது; தண்ணீர் உள்ள ஆண்டுகளில் சுற்றுவட்டாரத்தில் கரும்பு நிற்கிறது.

அந்தக் கரும்பு பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேறொரு முகம் காட்டியது. மொரீஷியசிலும் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலிலும் கரும்புத் தோட்டங்களை நடத்திய முதலாளிகளுக்கு அடிமை முறை ஒழிந்த பிறகு மலிவான உழைப்பு தேவைப்பட்டது. 1860ஆம் ஆண்டு சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல், ஒப்பந்தக் கூலிகளாக எழுதிக்கொள்ளப்பட்டவர்களை டர்பனில் இறக்கியது. 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சத்தில், தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அடங்கிய அன்றைய சேலம் மாவட்டம் மிகக் கடுமையாக அடிபட்டது. 1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இருந்ததைவிட 1881இல் மாவட்டத்தின் மக்கள்தொகை குறைந்துபோயிருந்தது. செத்தவர்கள் போக, பிழைக்க வழி தேடியவர்கள் இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கு நடந்தார்கள். பிரிஸ்பேனில் வாழும் சான்சிந்தியா மோகினி சிம்ப்சன் என்ற கலைஞர், நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டவர்களின் வழித்தோன்றல். கூலியையும் கரும்பையும் தலைப்பிலேயே தாங்கிய படைப்பு ஒன்றை அவர் செய்திருக்கிறார். மாமரத்தைத் தலைப்பில் கொண்ட இன்னொரு படைப்பும் உண்டு. இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டச் சமூகத்திலிருந்து வந்த ஹனுஷா சோமசுந்தரம், தேநீர் வடிகட்டியையும் தேயிலைக் கறையையும் தம் ஓவியப் பொருள்களாக எடுத்துக்கொண்டார். கரும்பும் தேயிலையும் இவர்களுக்குப் பாட்டியின் கையிலும் முதுகிலும் தழும்பு விட்டுச்சென்ற செடிகள். அதனால்தான் இப்படைப்புகளில் அழகு இருந்தும் அலங்காரம் இல்லை.

மாவைப் பற்றிக் கிருஷ்ணகிரிக்காரர் எவரும் நாள் முழுதும் பேசலாம். சந்தூர் நாற்றங்கால்களில் ஒட்டுக்கட்டிய கன்றுகள், மாங்கனிக் கண்காட்சியில் அடுக்கப்படும் மல்கோவாவும் செந்தூராவும் பங்கனப்பள்ளியும், கூழ்த் தொழிற்சாலைகளுக்கு லாரி லாரியாகப் போகும் பெங்களூரா, விலை சரியும் ஆண்டுகளில் காய் பறிக்கும் கூலிக்கே கட்டாத நிலை என்று அது தனிக் கட்டுரைக்கு உரியது. இங்கே விட்டுவிடுகிறேன்.

லான்டானா என்று தாவரவியலில் வழங்கும் உண்ணிச்செடிக்கு வருவோம். 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் பெங்களூரு லால்பாக்கில் உண்ணிச்செடிக் குச்சிகளால் செய்த யானைகள் நின்றன. ஓசூரிலிருந்து பேருந்தில் போய்ப் பார்த்தேன். நீலகிரியின் கூடலூர்ப் பகுதியைச் சேர்ந்த பெட்டக் குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோளகர் சமூகங்களின் கைவினைஞர்கள், காட்டிலிருந்து உண்ணிச்செடியை வெட்டி, வேகவைத்து, தோல் உரித்து, வளைத்து, உயிருள்ள யானையின் அளவிலேயே ஒவ்வொன்றையும் உருவாக்கியிருந்தார்கள். தாங்கள் அன்றாடம் பார்த்துப் பழகிய, தனித்தனியே அடையாளம் தெரிந்த யானைகளை மாதிரியாகக் கொண்டே அவை செய்யப்பட்டன. முதுகு வளைவிலும் காது மடலிலும் தும்பிக்கையின் சாய்விலும் ஒரு யானை இன்னொன்றைப்போல் இல்லை. இதே கூட்டத்தைச் சேர்ந்த யானைகள் 2021இல் லண்டனின் அரச பூங்காக்களில் நின்றன; 2024இல் அமெரிக்காவுக்கும் பயணமாயின.

நான் அவற்றின் அருகே நெடுநேரம் நின்றேன். பொருளும் உருவமும் ஒன்றையொன்று விளக்கும் படைப்புகள் அரிதாகவே அமைகின்றன; இது அத்தகைய ஒன்று. அமெரிக்கக் கண்டத்து வெப்பமண்டலச் செடியான உண்ணிச்செடி, பூவின் அழகுக்காக, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாத் தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்டது. வேலிக்கும் தோட்ட ஓரத்துக்கும் நடப்பட்டது பறவைகளின் எச்சம் வழியாகக் காட்டுக்குள் நுழைந்தது. இந்தியாவில் புலிகள் வாழும் நிலப்பரப்பில் 40 சதவீதத்துக்கு மேல் உண்ணிச்செடி பரவியிருப்பதாக 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு சொல்கிறது. அதன் அடியில் புல் வளர்வதில்லை. புல் இல்லாத காட்டில் யானைக்கும் மானுக்கும் தீனி குறைகிறது. காட்டு யானையின் மேய்ச்சலைப் பறித்த செடியாலேயே யானையைச் செய்து நிறுத்தியதில் உள்ள நீதியை எந்த விளக்கப் பலகையும் இல்லாமலேயே பார்வையாளர் உணர்ந்துகொள்ள முடிந்தது.

நமக்கு இது அடுத்த வீட்டுச் செய்தியும் அல்ல, சொந்த வீட்டுச் செய்தி. ஆண்டுதோறும் கேழ்வரகு கதிர் பிடிக்கும் பருவத்தில், பன்னர்கட்டாக் காடுகளிலிருந்து யானைக் கூட்டங்கள் தளி, தேன்கனிக்கோட்டை, சானமாவு வழியாக வருகின்றன. பட்டாசும் பந்தமும் பரண்காவலும் அந்த மாதங்களில் இங்கே விவசாயத்தின் பகுதி. பயிர் அழிகிறது, மனிதர் சாகிறார், யானையும் மின்வேலியில் சாகிறது. காட்டுத் தீனி குறைந்ததற்கு உண்ணிச்செடி மட்டுமே காரணமன்று. குவாரிகளும், சாலைகளும், வலசைப் பாதைகளை அடைத்து எழுந்த கட்டடங்களும் இருக்கின்றன. ஆனாலும் அஞ்செட்டிக் காட்டோரத்தில் நடந்துபோகிற எவரும் பார்க்கக்கூடிய முதல் காரணம் அந்தச் செடிதான். அங்கே மாடு மேய்க்கும் பெரியவர் ஒருவரிடம் பெங்களூரில் பார்த்த யானைகளின் படங்களைக் கைப்பேசியில் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். “நல்லாத்தான் செஞ்சிருக்காங்க சார். இதை இங்க கொண்டாந்து நிறுத்தினா எங்க பசங்களும் பாப்பாங்க. வெட்டற கூலியும் எங்களுக்குக் கிடைக்கும்,” என்றார். “உங்களுக்கு அந்தக் குச்சியில் வேலை செய்யத் தெரியுமா ஐயா?” என்று கேட்டேன். மூங்கில் கிடைக்காமல் போனபிறகு கூடைக்கு உண்ணிக்குச்சியைத்தான் எடுத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். எல்லைக்கு அப்பால் மாதேஸ்வரன் மலையில் சோளகர்கள் இதே குச்சியில் நாற்காலியும் மேசையும் செய்கிறார்கள். அதற்கு ஒரு கைவினை மையமும் அமைந்தது. இந்தப் பக்கத்தில் அப்படி எதையும் நான் பார்க்கவில்லை.

அந்தப் பெரியவர் சொன்னது என் கருத்தின் மையத்துக்கு நேராக வந்தது. லண்டன் பூங்காவில் அந்த யானைகள் நின்றது பொருத்தமே. செடியை இடம்பெயர்த்த பேரரசின் தலைநகரம் அது. லால்பாக்கில் நின்றதும் பொருத்தமே, அதற்கான காரணம் அங்கே போதிய அளவு பேசப்பட்டதாக எனக்குத் தோன்றாவிட்டாலும். லால்பாக்கை 1760ஆம் ஆண்டளவில் தொடங்கியவர் ஹைதர் அலி, வளர்த்தவர் திப்பு. 1799இல் திப்பு வீழ்ந்ததும் தோட்டம் கம்பெனியின் கைக்குப் போயிற்று. கம்பெனியின் தாவரவியலாளர் பெஞ்சமின் ஹெய்ன் அதன் பொறுப்பில் அமர்ந்தார். பாராமகாலை இழந்த அதே அரசு, ஏழு ஆண்டுகளில் தன் தோட்டத்தையும் இழந்தது. எந்தச் செடி எங்கே வளரும், எது காசாகும் என்று சோதித்துப் பார்க்கும் களங்களாகவே கல்கத்தாவிலும் பெங்களூரிலும் லண்டனின் கியூவிலும் அந்தத் தோட்டங்கள் ஒன்றோடொன்று விதைகளைப் பரிமாறிக்கொண்டன. 1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து எடுத்துச்சென்ற ரப்பர் விதைகள் கியூ வழியாக இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் வந்த வழி அதுதான். கண்ணூர்ப் பக்கத்தில் ரப்பர் பால் வெட்டும் குடும்பத்தில் பிறந்த சஜன் மணி, அந்த ரப்பர் தாளின் மீதே, காலனிக் கால இனவரைவியலாளர்கள் எடுத்த ஒடுக்கப்பட்ட மக்களின் புகைப்படங்களையும் கேரளத்தின் தலித் விடுதலைக் கவிஞர் பொய்கையில் அப்பச்சனின் பாடல் வரிகளையும் பதிக்கிறார். செடியின் பால், உடலின் உழைப்பு, சாதியின் வரலாறு ஆகிய மூன்றும் ஒரே தாளில் வந்து சேர்கின்றன. சாதியைப் பேசாமல் காலனியத்தை மட்டும் பேசும் கலையிடம் எனக்கு நம்பிக்கை குறைவு; அவருடைய படைப்பில் அந்தக் குறை இல்லை.

இங்கே ஒரு கவனம் வேண்டும். வெளியிலிருந்து வந்த செடிகளைப் பகையாகப் பேசும் பழக்கம் நம்மிடையே வலுத்துவருகிறது. சீமைக்கருவேலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விறகுப் பஞ்சத்தைத் தீர்க்கும் எண்ணத்தில் 1877இல் கடப்பைப் பகுதியில் விதைக்கப்பட்ட அந்த மரம் பிறகு எங்கும் பரவியது. ஏரிகளையும் மேய்ச்சல் நிலங்களையும் அது மூடியது உண்மை. அகற்றச் சொல்லி 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டதும் உண்மை. ஆனால் ஒரு செடியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு, அதை விதைத்த நிர்வாகத்தையும், அது பரவும்படி ஏரிகளைக் கைவிட்ட நிர்வாகங்களையும் மறந்துவிடுவது நேர்மையன்று. அந்த மரத்தில் கரி சுட்டுப் பிழைக்கும் குடும்பங்களும் இருக்கின்றன. மேலும், ‘அந்நியச் செடி’ என்ற பேச்சு எளிதில் ‘அந்நிய மனிதர்’ என்ற பேச்சாக மாறக்கூடியது. பிரேசிலைச் சேர்ந்த மரியா தெரேசா ஆல்வெஸ் 1999 முதல் செய்துவரும் ‘சீட்ஸ் ஆஃப் சேஞ்ச்’ என்ற தொடர் படைப்பு இந்தச் சிக்கலை எவ்வளவு நுணுக்கமாகக் கையாள்கிறது என்று பாருங்கள். வணிகக் கப்பல்கள் எடை சரிக்கட்டுவதற்காக ஏற்றிய மண்ணும் கல்லும் ஐரோப்பியத் துறைமுகங்களில் கொட்டப்பட்டன. அதில் உறங்கிக்கிடந்த விதைகளைத் தேடி எடுத்து அவர் முளைக்கவைத்தார். பிரிஸ்டல் நகரில் ஒரு பழைய படகின் மீது அச்செடிகளே தோட்டமாயின. அடிமை வணிகத்தால் செழித்த துறைமுகம் அது. எந்தச் செடியையும் அவர் பழிக்கவில்லை. அது வந்த கப்பலை நோக்கிக் கையைக் காட்டினார்.

இன்னொரு வகைக் கடனும் இருக்கிறது. சென்னை மாகாணத்தில் மருத்துவராக வந்து தாவரவியலாளராகப் புகழ்பெற்ற ராபர்ட் வைட்டின் நூல்களில் உள்ள செடிப் படங்களை வரைந்தவர்கள் ரங்கையாவும், அவருக்குப் பின் கோவிந்துவும். இலை நரம்பும், பூவின் அறுத்த பகுதியும், விதையின் பருமனும் அச்சு அசலாக நிற்கும் அந்த ஓவியங்கள் இன்று எடின்பர்க் தாவரவியல் தோட்டத்தின் சேகரிப்பில் இருக்கின்றன. தாவரவியலாளர் ஹென்றி நோல்டியின் ஆய்வால்தான் அவ்வோவியர்கள் இருவரும் உரிய கவனத்தைப் பெற்றார்கள். அதே வைட் கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்தியை விளைவிக்கும் கம்பெனியின் சோதனைப் பண்ணைகளுக்கும் பொறுப்பாக இருந்தார். அந்தப் படங்களைப் பார்க்கும்போது ஓவியம் பயின்றவன் என்ற முறையில் எனக்குப் பெருமையும் வேதனையும் ஒருசேர வருகின்றன. நம்மவர் கை அவ்வளவு கற்றிருந்தது. அந்தக் கற்பனையையும் துல்லியத்தையும் ஒரு வணிக நிறுவனத்தின் பட்டியல் வேலை எடுத்துக்கொண்டது. இக்காலக் கலைஞர் பலர் பழைய தாவரவியல் ஓவிய முறையையே திரும்ப எடுத்து, அதில் விடுபட்ட மனிதர்களையும் சேர்த்து வரைவதை நான் ஒரு முறையான கடன் தீர்ப்பாகவே பார்க்கிறேன்.

சட்டத்தைப் பேசாமல் தாவர நீதியைப் பேச முடியாது. 1856இல் சென்னை மாகாணத்தின் காடுகளுக்கு முதல் காப்பாளராக ஹியூ கிளெக்ஹார்ன் நியமிக்கப்பட்டார். ரயில் பாதைகளுக்குக் கட்டைகளும் எஞ்சின்களுக்கு விறகும் தேவைப்பட்ட காலம். காட்டை எரித்துப் பயிரிடும் மலைமக்களின் முறை வீண்செலவு என்று தீர்மானிக்கப்பட்டது. 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டம் காப்புக்காடுகளை வகுத்தது. மேய்ச்சல், விறகு, தேன், கிழங்கு ஆகிய ஒவ்வொன்றும் அனுமதிக்கு உரியதாகவோ குற்றமாகவோ ஆனது. பாலஸ்தீனக் கலைஞர் ஜுமானா மன்னா 2022இல் எடுத்த ‘ஃபாரேஜர்ஸ்’ திரைப்படத்தைப் பார்க்கும்போது இந்தச் சட்டம்தான் என் மனத்தில் ஓடியது. சாத்தர் என்ற வாசனைத் தழையையும் அக்கூப் என்ற முட்செடியையும் மலையில் பறித்து உண்பது பாலஸ்தீனியரின் தலைமுறை வழக்கம். இயற்கைப் பாதுகாப்பின் பெயரால் இஸ்ரேல் அதைத் தடை செய்தது. வயதான பெண்கள் பையில் கீரையோடு பிடிபடுவதும், அதிகாரியின் முன் அமர்ந்து தாங்கள் எதற்காகப் பறித்தோம் என்று பதில் சொல்வதும் படத்தில் வருகின்றன. அதிகாரியின் மேசை, கேள்வி, அபராதச் சீட்டு ஆகியவற்றை நம் மலையோரக் கிராமங்களில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. யூரியல் ஆர்லோ என்ற சுவிஸ் கலைஞர், தென்னாப்பிரிக்காவின் மஃபாவுகே இங்கோபோ என்ற நாட்டு மருத்துவர் மீது 1940இல் நடந்த வழக்கைத் திரைப்படமாக்கினார். தம் மருத்துவத்தில் அவர் புதிய பொருள்களைச் சேர்த்ததே குற்றமாம். பழமையில் உறைந்து நின்றால்தான் ‘நாட்டு மருத்துவர்’ என்று ஏற்பார்களாம். நம்முடைய சித்த வைத்தியரையும் குறிசொல்லும் மலைவாசியையும் இன்றும் அப்படித்தான் பார்க்கிறார்கள்.

இனி நான் எழுதத் தயங்கும் இடத்துக்கு வருகிறேன். தயக்கம் இருந்தாலும், தருமபுரியிலிருந்து இப்பொருளைப் பற்றி எழுதுகிறவர் அதைத் தாண்டிப் போகக் கூடாது. சந்தன மரத்தைத் திப்பு 1792இல் அரசுக்கே உரிய மரமாக அறிவித்தார் என்பது பரவலாக அறிந்த செய்தி. அந்த ஏகபோகத்தைப் பின்வந்த ஆட்சிகள் விட்டுக்கொடுக்கவில்லை. ஒருவர் நிலத்தில் தானாக முளைத்த சந்தனம்கூட அவருக்கு உரியதல்ல என்ற நிலை, 2002ஆம் ஆண்டுத் திருத்தம் வரை தமிழ்நாட்டில் நீடித்தது. ஜவ்வாது, சித்தேரி மலைகளில் பிறந்த மரம் திருப்பத்தூர்க் கிடங்கில் ஏலம் போயிற்று. மலையில் வாழ்ந்தவருக்கு அதனால் வந்தது சந்தேகமும் சோதனையும்தான்.

1992ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள், சித்தேரி மலையடிவாரத்தில் மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் வாச்சாத்திக்குள், கடத்தல் சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் நுழைந்தார்கள். ஊர் மக்களை ஒரு மரத்தடியில் கூட்டினார்கள். 18 பெண்களை ஏரிப் பக்கம் கொண்டுபோய்ப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். வீடுகள் உடைக்கப்பட்டன, தானியம் அழிக்கப்பட்டது, ஆடு மாடுகள் கொல்லப்பட்டன, கிணறுகள் பாழாக்கப்பட்டன, நூற்றுக்கும் மேற்பட்டோர் சிறைக்குப் போனார்கள். மக்களும் அவர்களுடன் நின்ற மலைவாழ் மக்கள் சங்கமும் இடதுசாரி இயக்கமும் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 அரசு ஊழியர்களில் 54 பேர் வழக்கு முடியும் முன்பே இறந்துவிட, எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29இல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023ஆம் ஆண்டு, அதே செப்டம்பர் 29இல், சென்னை உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்தது. வன்கொடுமைக்கு ஆளான பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. தீர்ப்புக்கு முன் நீதிபதி தாமே ஊருக்கு வந்து மக்களைச் சந்தித்தார்.

1992ஆம் ஆண்டு நிகழ்வை 1792ஆம் ஆண்டோடு சேர்த்துப் பேசுவது மிகை என்று சிலர் கருதலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மரம் அரசுக்கு, பழி மலைமக்களுக்கு என்ற பங்கீடு அந்த இருநூறு ஆண்டுகளாக மாறவே இல்லை. ஆட்சியாளர்கள் மட்டுமே மாறினார்கள். காலனிய நினைவு என்று கலைக்கூடங்களில் பேசப்படுவது இங்கே கடந்துபோன ஒன்றாகவில்லை, சீருடை அணிந்து ஊருக்குள் வந்தது. அதைச் சொல்லும் கலை நமக்கு வேண்டும்.

எப்படிச் சொல்வது என்பதில்தான் எனக்கு உறுதியான கருத்து இருக்கிறது. துன்புற்ற பெண்களின் முகங்களையும் அழுகையையும் சுவரில் மாட்டும் கலை வேண்டாம். அவர்கள் நீதிமன்றங்களில் திரும்பத் திரும்பப் பேச வைக்கப்பட்டது போதும். அமர் கன்வார் ஒடிசாவில் செய்த ‘தி சாவரின் ஃபாரஸ்ட்’ ஒரு நல்ல வழியைக் காட்டுகிறது. சுரங்கங்களுக்கும் ஆலைகளுக்கும் எடுக்கப்படவிருந்த நிலங்களை, அவை கைவிட்டுப் போகும் முன், மெதுவாக, பேச்சின்றிப் படமெடுத்தார். அதன் அருகே இருநூற்றுக்கும் மேற்பட்ட நாட்டு நெல் விதைகளை வைத்தார். மக்கள் கொண்டுவந்த ஆவணங்களையும் பொருள்களையும் சான்றாகச் சேர்த்தார். ஜெர்மனியின் டாக்குமென்டா கண்காட்சிக்குப் போன அந்தப் படைப்பு, புவனேஸ்வரத்திலும் நெடுநாள் திறந்திருந்தது. பாதிக்கப்பட்ட மக்கள் வந்து தங்கள் சான்றுகளையும் அதில் சேர்க்க முடிந்தது. கப்வானி கிவாங்காவின் ‘ஃபிளவர்ஸ் ஃபார் ஆப்ரிக்கா’வும் எனக்குப் பிடித்தமானது. ஆப்பிரிக்க நாடுகளின் விடுதலை விழாப் புகைப்படங்களில் மேசை மேல் தெரியும் மலர்க்கொத்துகளை மறுபடி கட்டி, கண்காட்சி முடியும் வரை வாட விடுகிறார். ஆனால் எது இந்த மண்ணுக்கு உதவும் என்று கேட்டால், கன்வாரின் வழியைத்தான் சொல்வேன், ஏனெனில் அது மக்கள் தொடர்ந்து எழுதக்கூடிய ஒரு சான்றுப் பேழையாக இருக்கிறது.

நம்மிடம் அதற்கு மூத்த மரபும் உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் நடுகற்களின் நிலம். எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டில், எந்த ஊர்த் தொறுவை, அதாவது மாட்டு மந்தையை, மீட்கப் போய், யாருடைய மகன் இறந்தான் என்று வட்டெழுத்தில் வெட்டி, வில்லும் வாளும் ஏந்திய உருவத்தையும் செதுக்கி, ஊரோரத்தில் நட்டார்கள். தருமபுரி அருங்காட்சியகத்தில் பல கற்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றைவிட, வேடியப்பன் என்று பொட்டு வைத்து இன்றும் கிராமங்களில் வணங்கப்படும் கற்கள் என்னை அதிகம் ஈர்க்கின்றன. எழுத்தைப் படிக்கத் தெரியாதபோதும் இறந்தவனுக்குப் பொங்கல் வைக்க ஊர் மறக்கவில்லை. நினைவுச் சின்னம் நிகழ்ந்த இடத்திலேயே நிற்க வேண்டும், அதைப் பேணுவோர் அந்த ஊராராக இருக்க வேண்டும், அதில் உள்ள செய்தி யார், எப்போது, எதற்காக என்று தெளிவாக இருக்க வேண்டும் என்ற மூன்று இலக்கணங்களையும் நடுகல்லிடமிருந்தே நான் கற்றேன். பூங்காவிலும் கூடத்திலும் நிற்கும் இக்காலப் படைப்புகளை நான் அந்த இலக்கணத்தை வைத்தே எடைபோடுகிறேன். லண்டனுக்குப் போன யானை கூடலூருக்கும் அஞ்செட்டிக்கும் திரும்பி வர வேண்டும் என்று நான் கேட்பது அதனால்தான்.

வேண்டுமானால் சித்தேரி மலையடிவாரத்தில் ஒரு சந்தனத் தோப்பே படைப்பாகலாம். சந்தனம் தனித்து வளராது. அதன் வேர் வேறொரு செடியின் வேரைப் பற்றி உணவு எடுத்துக்கொள்ளும், ஆகவே துவரையோ அகத்தியோ வேறு துணைச் செடியோ அருகே நின்றாக வேண்டும். நட்ட மரம் வைரம் பாய்ந்து பயன் தருவதற்குள் ஒரு தலைமுறை ஆகிவிடும். அதற்குள் எந்தக் கண்காட்சியும் முடிந்துபோகும், எந்த நிதியுதவியும் தீர்ந்துபோகும். ஊர் மட்டுமே இருக்கும். அந்த மரங்களின் உரிமையும் வருமானமும் ஊரின் பெயரில் எழுதப்பட்டு, 1792, 1882, 1992, 2011, 2023 ஆகிய ஆண்டுகளில் என்ன நடந்தது என்பது கல்லில் வெட்டப்பட்டு, எந்தப் பெயர் வர வேண்டும், எந்தப் பெயர் வரக் கூடாது என்பதைப் பெண்களே தீர்மானித்தால், அது கலைஞர் செய்த தோட்டமாக இல்லாமல் ஊர் எழுப்பிய நடுகல்லாக நிற்கும்.

2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் காட்டின் மீதான உரிமையைக் கோரும் கிராம சபைக்கு, அக்காட்டையும் அதன் உயிர்வளத்தையும் காக்கும் அதிகாரத்தையும் தந்திருக்கிறது. அத்தகைய படைப்பொன்றைச் செய்ய விரும்பும் கலைஞர் எவரானாலும், கலைக்கூடத்துக்கும் நிதி நிறுவனத்துக்கும் முன்மொழிவு எழுதுவதற்கு முன், அந்தக் கிராம சபைக்குத் தமிழில் ஒரு விண்ணப்பம் எழுத வேண்டும். அவர்கள் கேட்கும் மாற்றங்களை ஏற்க வேண்டும். வேண்டாம் என்று சொன்னால் திரும்பிவிட வேண்டும். விண்ணப்பம் எழுத உதவி தேவைப்படும் கலைஞர்கள் எனக்கு எழுதினால், அரூர்ப் பக்கம் வந்து துணை நிற்க நான் அணியமாக இருக்கிறேன்.